கங்கம்மாவின் வல்லூறு காத்த வயல்

அறுபத்தெட்டாம் வருஷம் பங்குனி பிறந்து இருபது நாள் இருக்கும். மணவாளனின் வயல் வரப்பில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நிமிர்ந்தேன். பால் பிடித்திருந்த கதிர்கள்மேல் நெல்லுக் குருவிகள் அப்பிக்கொண்டிருந்தன. மணவாளன் தகரத்தைத் தட்டினால் ஒரு கூட்டம் எழும்பி, ஒரு சுற்று சுற்றி, அவர் முதுகுப் பக்கம் போய் உட்காரும். அவர் திரும்பினால் பழைய இடத்துக்கே வரும். விடியலிலிருந்து அதுதான் நடந்துகொண்டிருந்தது.

"இன்னா சாமி, நீங்க குடுத்த நெல்லு எனக்கா, குருவிக்கா?" என்றார் மணவாளன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கத்திக் கத்திக் குரல் கம்மியிருந்தது.

நான் அப்போது கும்மிடிப்பூண்டி ஊராட்சி ஒன்றியத்தில் கிராம சேவக், விவசாயிகளுக்குப் புது விதையும் புது முறையும் சொல்லித்தரும் வேலை. சொந்த ஊர் திருவள்ளூர். அப்பாவுக்குக் கோயில் மடைப்பள்ளியில் கைங்கரியம். ஸம்பத்குமார் என்ற என் பெயர் எனக்கு ஒதுக்கியிருந்த கிராமங்களில் யார் வாயிலும் நுழையாமல் எல்லாருக்கும் நான் 'சாமி'யாகவே இருந்தேன். ஐ.ஆர். எட்டு என்ற புது நெல் அப்போதுதான் எங்கள் பக்கம் வந்திருந்தது. குட்டையான பயிர், நூற்றிருபத்தைந்து நாளில் அறுவடை, இரண்டு மடங்கு விளைச்சல். ஆரணி ஆற்றுக்கு வடக்கே இருந்த அந்தச் சின்ன ஊரில் வீடு வீடாகப் போய்ப் பேசினேன். சம்மதித்தது மணவாளன் ஒருவர்தான். கிணற்றுப் பாசனமுள்ள ஒன்றரை ஏக்கரில், மார்கழியில் நாற்றுவிட்டு, தையில் நட்டார்.

தையிலேயே சுற்றுவட்டாரம் முழுக்க சம்பா அறுவடை முடிந்துவிட்டது. பங்குனியில் இரண்டு மைல் சுற்றளவுக்குக் கதிரோடு நின்றது அந்த ஒன்றரை ஏக்கர் மட்டும். ஊரிலிருந்த அத்தனை குருவியும் கிளியும் வேறு எங்கே போகும்? எனக்குக் கொடுத்த பயிற்சியில் உரம் எத்தனை, தண்ணீர் எத்தனை என்றெல்லாம் இருந்தது. குருவியைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஊரில் இருபது ஏக்கர் வைத்திருந்த வீரராகவன் அந்த வழியாக வந்தார். வயலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சாமி, அடுத்த வருஷம் நானும் போடலாம்னு இருந்தேன். நல்ல வேளை, மணவாளன் முந்திக்கினாரு" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அவர் போட்டால் ஊரே போடும். அவர் விட்டால் யாரும் போடமாட்டார்கள். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

மணவாளனின் மனைவி கங்கம்மாவை இனிமேல்தான் சொல்ல வேண்டும். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயதிருக்கும். உயரமான பெண். பேச்சு குறைவு. பிறந்தது தடாவுக்குப் பக்கத்தில், ஆந்திர எல்லை. அவள் அண்ணன்கள் வல்லூறு பழக்கி, காடை பிடிக்கிறவர்கள். அந்தப் பக்கத்தில் வல்லூறை 'டேகா' என்பார்கள். ஆண்கள் காலையில் டேகாவைக் கையில் எடுத்துக்கொண்டு தரிசுக்குப் போவார்கள். மற்றதெல்லாம், அதாவது தீனி போடுவது, குளிக்கவைப்பது, காலில் புண் வந்தால் மஞ்சள் தடவுவது, இறகு உதிரும் காலத்தில் நான்கு மாதம் வைத்துக் காப்பாற்றுவது, அத்தனையும் கங்கம்மாவின் வேலையாக இருந்திருக்கிறது. பறக்கவிட மட்டும் அவளிடம் யாரும் கொடுத்ததில்லை.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து, அறுபத்தேழாம் வருஷம் ஐப்பசியில், கொல்லையில் கோழிக்குஞ்சை அடிக்க வந்த ஒரு வல்லூறை அவள் வலை வைத்துப் பிடித்தாள். மஞ்சள் கண், மார்பில் பழுப்புத் தீற்றல்கள், அந்த வருஷத்துக் குஞ்சு, பெட்டை. 'சின்னி' என்று பெயர் வைத்தாள்.

நாற்றுவிட விதை கொண்டுபோன அன்றுதான் நான் சின்னியை முதலில் பார்த்தேன். கங்கம்மா இடது கையில் பழைய துணியைச் சுற்றி, அதன்மேல் அதை உட்காரவைத்துக்கொண்டு, வலது கையால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். பறவையின் கால்களில் மெல்லிய தோல் வார். ஒரு காலில் குன்றிமணி அளவில் ஒரு சலங்கை.

"கடிக்குமா?" என்று கேட்டேன்.

"கடிக்காது. புடிக்கும்" என்றாள்.

இருபது நாள் அதைக் கையைவிட்டு இறக்கவில்லை என்று மணவாளன் குறைபட்டுக்கொண்டார். அடுப்படிக்கு, கிணற்றடிக்கு, கடைத்தெருவுக்கு, பஸ் நிற்கும் இடத்துக்கு, எங்கே போனாலும் கையில் பறவைதான். மனிதக் குரலும் லாரிச் சத்தமும் அதற்குப் பழக வேண்டும், அதற்காகத்தான். பிறகு நீள நூலில் கட்டி, பத்தடியிலிருந்து கைக்கு வரவைத்தாள். அப்புறம் ஐம்பதடி. ஒரு நாள் நூலை அவிழ்த்துவிட்டாள். அன்றும் வந்தது. மார்கழிக் குளிரில், விடிந்ததும், ஆற்றோரத் தரிசில் அவள் காடைக்குப் போக ஆரம்பித்தாள். ஊர் வாய் பேசியது. பொம்பளை வேலையா இது என்றார்கள். மணவாளன் வெட்கப்பட்டு ஒன்று மட்டும் சொல்லியிருந்தார்: "வெச்சிக்க. ஆனா கழனிப் பக்கம் தூக்கினு வராதே. நாலு பேரு பாத்தா சிரிப்பாங்கோ."

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு, தகரத்தைக் கீழே போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்த மணவாளனிடம், "உங்க வீட்டிலேயே ஒண்ணு இருக்கே, அது இதுக்கு உதவாதா?" என்று நான்தான் வாய்விட்டேன்.

மணவாளன் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு நடந்தார். நானும் பின்னாலேயே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன்.

கங்கம்மா முற்றத்தில் கம்பு நட்டு, அதன்மேல் சின்னியை உட்காரவைத்து, தட்டில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். மணவாளன் வாசலிலேயே நின்றார்.

"ஏமே" என்றார்.

"இன்னா?"

"அத்தத் தூக்கினு கழனிக்கு வா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நாலு பேரு சிரிப்பாங்களே."

"சிரிச்சா சிரிக்கட்டும். வா."

அவள் கையில் துணியைச் சுற்ற ஆரம்பித்தாள். பிறகு ஒரு நாள் என்னிடம் சொன்னாள்: "குருவி வந்த மொத நாளே எனக்குத் தெரியும் சாமி, சின்னியால முடியும்னு. அவரு வாயால கூப்டட்டும்னு இருந்தேன்."

முதல் முறை அவள் பறக்கவிட்டதை நான் மறக்கவில்லை. திருவள்ளூரில் கோபுரத்துக்கு மேலே கருடன் வட்டமிட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்வோம். அது எட்டத்துப் பறவை. இது வேறு. கங்கம்மா சின்னியை வலது உள்ளங்கையில், மார்பு கைக்குள் அடங்க, தலை முன்னால் நீட்டியிருக்கப் பிடித்துக்கொண்டாள். வரப்போடு வரப்பாகக் குனிந்து போனாள். குருவிக்கூட்டம் எழும்பிய கணத்தில், கல் எறிவதைப்போலக் கையை வீசினாள். சலங்கை ஒரு தடவை ஒலித்தது. கதிர்களுக்கு ஒரு சாண் உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு போனது. அடுத்த வரப்பில் சின்னி ஒரு குருவியைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு இறக்கையை விரித்து உட்கார்ந்திருந்தது.

எழும்பிய கூட்டம் திரும்பி உட்காரவில்லை. வேலிக் கருவைக்குப் போய் அங்கிருந்து கத்தியது. மணவாளன் என்னைப் பார்த்தார்.

கங்கம்மா போய் மண்டியிட்டு, பிடித்த குருவியைக் கையால் மூடி மறைத்து, அதற்குப் பதிலாக ஒரு துணுக்கு எலிக்கறியை நீட்டினாள். சின்னி கைக்கு ஏறிக்கொண்டது.

"முழுசாத் துன்னுட்டா இன்னிக்கு வேலை முடிஞ்சிது. வயிறு நெறஞ்சா நம்மளத் திரும்பிக்கூடப் பாக்காது" என்றாள்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். கறியைப் பார்த்துப் பழக்கமில்லை. அவள் அதைக் கவனித்துவிட்டு, அதற்கப்புறம் என் கண்ணில் படாமல் முந்தானையால் மறைத்துக்கொண்டுதான் தீனி கொடுத்தாள்.

அன்றிலிருந்து அது அவளுக்குத் தினப்படி வேலையாயிற்று. விடிந்ததும், முதல் நாள் தின்றதன் இறகையும் எலும்பையும் சின்னி உருண்டையாகக் கக்கியிருக்கிறதா என்று பார்ப்பாள். உருண்டை காய்ந்து, வாடை இல்லாமல் இருந்தால் உடம்பு சரி. பிறகு மார்பெலும்பின் இரண்டு பக்கமும் விரலை வைத்து அமுக்கிப் பார்ப்பாள். கூடுதலாகச் சதை இருந்தால் கொஞ்சம் பொறுத்து வயலுக்குப் போவாள். குறைவாக இருந்தால் முதலில் ஒரு வாய் கொடுப்பாள். தராசு ஏதும் கிடையாது. அந்த விரல்தான். ஆறு மணிக்கு வயலில் இறங்கினால் ஒன்பது வரைக்கும். வெயில் ஏறியதும் சின்னி அலகைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கும். உடனே கிணற்றடி நிழலுக்கு. மறுபடி மூன்றரைக்கு மேல் இருட்டும் முன்பு வரை. நடுப்பகலில் குருவிகளும் நிழல் தேடிப் போய்விடும். மிச்சம் மீதியை மணவாளனின் தகரம் பார்த்துக்கொண்டது.

ஊர் வேடிக்கை பார்க்க வந்தது. முதல் மூன்று நாள் சிரித்தவர்கள் நாலாம் நாள் வரப்பில் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தார்கள். வீரராகவன் ஒரு காலையில் வெகுநேரம் நின்றார். சிரிக்கவில்லை.

பங்குனி கழிந்து சித்திரை பிறந்தது. கதிர் முற்றித் தலை சாய்ந்தது. அறுவடைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் என்று கணக்குப் போட்டேன். அப்போது ஒரு காலை, நான் போனபோது கங்கம்மா வயலில் இல்லை. வீட்டு முற்றத்தில் இருந்தாள். மடியில் ஒரு நீளமான பழுப்பு இறகு.

"உதுர ஆரம்பிச்சிட்டா" என்றாள்.

"ஓர் இறகுதானே?"

"ஒண்ணோட நிக்காது சாமி. ஆவணி வரைக்கும் ஒண்ணொண்ணாப் போவும். புதுசு மொளைக்கும். மொளைக்கிற எறகுல ரத்தம் ஓடும். இப்போ அவ வயிறு நெறையத் துன்னணும். அரை வயித்துல வெச்சிப் பறக்கவுட்டா வர்ற எறகு நோஞ்சானா வரும். பாதியிலே ஒடிஞ்சிடும். அப்புறம் ஒரு வருஷத்துக்கு அவளுக்குப் பறப்பே இல்ல."

நான் கெஞ்சினேன். உண்மையாகவே கெஞ்சினேன். பன்னிரண்டே நாள், ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது, ஒன்றியத்தில் அதிகாரிகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், ஒரு பறவைக்காக இத்தனையும் போகவேண்டுமா என்றேன். மணவாளனும் வாயெடுத்தார்.

கங்கம்மா எழுந்து நின்றாள். குரல் உயரவில்லை.

"சாமி, நெல்லு உங்க நெல்லு. கழனி அவரு கழனி. சின்னி எம் பொறுப்பு. ஒடம்ப ஒடச்சி வேலை வாங்க மாட்டேன்."

அன்று சின்னிக்கு வயிறு முட்டத் தீனி போட்டாள். நானும் மணவாளனும் தகரத்தை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனோம். மனம் கசந்துபோயிருந்தது எனக்கு.

எட்டு மணி இருக்கும். வீட்டுப் பக்கமிருந்து சலங்கைச் சத்தம். நிமிர்ந்தால் சின்னி! கம்பில் கட்டியிருந்த முடிச்சு எப்படியோ நழுவிவிட்டது. வயலின் கிழக்கு மூலையில் நின்ற ஒற்றைப் பனையின் காய்ந்த மட்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. கங்கம்மா மூச்சிரைக்க ஓடி வந்தாள். நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டாள். துணி சுற்றிய கையைத் தூக்கிக் காட்டினாள். சின்னி தலையைத் திருப்பி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இறகை அலகால் கோத ஆரம்பித்தது. வயிறுதான் நிறைந்திருக்கிறதே.

"போச்சி" என்றார் மணவாளன்.

"போவல. பசிச்சா எறங்கும்" என்று கங்கம்மா பனைக்கு அடியில் உட்கார்ந்தாள்.

வெயில் ஏறியது. நாஷ்டாவுக்குப் போகச் சொன்னேன், தலையாட்டி மறுத்தாள். அவள் கண் பனைமேல். என் கண் வயல்மேல். பத்து மணிக்கு மேல்தான் எனக்கு உறைத்தது: சின்னி பனையில் உட்கார்ந்ததிலிருந்து நான் தகரத்தைத் தொடவேயில்லை. கருவை மரத்தில் குருவிகள் கத்திக்கொண்டிருந்தன. கிளிக்கூட்டம் ஒன்று ஆற்றுப் பக்கமிருந்து வந்து, பனையருகே வந்ததும் கூச்சலிட்டுத் திசை மாறிப் போனது. வயலில் ஒன்றுகூட இறங்கவில்லை.

நான் சொல்வதற்கு முன்பே கங்கம்மா அதைப் பார்த்துவிட்டிருந்தாள். அவள் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

"குருவிக்கு இன்னா தெரியும் சாமி, இவ பசியா கீறாளா, துன்னுட்டு கீறாளான்னு?"

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் சின்னி இரண்டு தரம் கத்தியது. கங்கம்மா கையைத் தூக்கினாள். பனையிலிருந்து நேராக இறங்கி வந்து, ஒன்றுமே நடக்காததுபோலத் துணிமேல் உட்கார்ந்தது. காலை முதல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத கங்கம்மா அதன் முதுகை விரலால் ஒருமுறை தடவினாள். அவ்வளவுதான். பிறகு என்னிடம் திரும்பி, "மூங்கி வேணும். நாலு. ஆளொசரத்துக்கு மேல" என்றாள்.

மறுநாள் வயலின் நாலு மூலையிலும் மூங்கில் நட்டோம். ஒவ்வொன்றின் உச்சியிலும் குறுக்கே ஒரு கட்டை. விடியலில் சின்னிக்குப் பாதித் தீனி. மீதித் தீனி துணுக்குத் துணுக்காக வயலில். வேட்டை கிடையாது. கங்கம்மா ஒரு மூங்கிலில் சின்னியை ஏற்றிவிட்டு, அடுத்த மூலைக்கு நடந்து போய்க் கையைத் தூக்குவாள். சின்னி கதிரை உரசினாற்போலத் தாழப் பறந்து அவள் கைக்கு வரும். ஒரு துணுக்கு தின்னும். அந்த மூங்கிலில் ஏறிக்கொள்ளும். கொஞ்ச நேரம் கழித்து அடுத்த மூலை. நடுப்பகலில் சின்னிக்குக் கிணற்றடி நிழல்; அது போக ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை நடப்பாள். இருட்டுவதற்குள் மொத்தத் தீனியும் உள்ளே போயிருக்கும். மார்பெலும்பில் சதை குறையவில்லை. பறவைக்குப் பட்டினி இல்லை, அலுப்பும் இல்லை. அலுப்பெல்லாம் கங்கம்மாவுக்குத்தான். வெயிலில் அவள் முகம் கறுத்து, உதடு வெடித்துவிட்டது.

இரண்டாவது இறகு விழுந்தது, மூன்றாவது விழுந்தது. ஒவ்வொன்றையும் அவள் எடுத்துக் கூரையில் செருகினாள். முளைத்துவந்த புது இறகை என்னிடம் விரித்துக் காட்டினாள். கருஞ்சாம்பல் நிறத்தில், எங்கும் ஒரு மெலிந்த கோடுகூட இல்லாமல், உறுதியாக இருந்தது. "பாருங்கோ" என்றாள். அந்த ஒரு சொல்லில் அத்தனை பெருமை இருந்தது.

ஒரு நாள் மூங்கில் ஒன்று சாய்ந்தபோது, அதை ஊன்றுவதற்காகச் சின்னியை என்னிடம் நீட்டினாள். மறுக்கத் தோன்றவில்லை. துணியை என் கையில் சுற்றிவிட்டாள். ஒரு டம்ளர் அரிசி எடைகூட இருக்காது. ஆனால் அந்த நகங்களின் பிடி மணிக்கட்டு வரைக்கும் தெரிந்தது. மஞ்சள் கண் என்னை அளந்து பார்த்தது. கங்கம்மா மண்ணை மிதித்து இறுக்கிவிட்டு வரும்வரை நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

பன்னிரண்டு நாள் என்று நான் போட்ட கணக்கு பதினாலாயிற்று. சித்திரை கடைசி வாரத்தில் அறுத்தார்கள். களத்தில் நெல்லைக் குவித்தபோது ஊரில் வராத ஆள் இல்லை. ஏக்கருக்கு முப்பது மூட்டைக்குக் குறையவில்லை. அந்த மண்ணில் அதுவரை யாரும் அதில் பாதிக்கு மேல் கண்டதில்லை. வீரராகவன் குவியலில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, ஊதி, பல்லில் கடித்துப் பார்த்தார். அந்தப் பிடியை மடியில் கட்டிக்கொண்டார்.

வைகாசியில் ஒன்றிய அலுவலகத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். புது நெல்லில் நல்ல விளைச்சல் கண்ட விவசாயிகளை மேடையேற்றிச் சால்வை போடுவதாக ஏற்பாடு. பட்டியலில் நான் மணவாளன் பெயரை எழுதியிருந்தேன். பெயரைப் படித்ததும் அவர் எழுந்தார், மேடைக்குப் போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே பேசினார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாத மனிதர்.

"ஐயா, நட்டது நான். தண்ணி வுட்டது நான். அது எல்லாரும் செய்யறதுதான். காப்பாத்துனது எம் பொஞ்சாதி. பேரு கங்கம்மா. அந்தப் பேரைப் படிங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். ஒலிபெருக்கியில் அந்தப் பெயர் கேட்டது. பெண்கள் பக்கத்தில் ஓரமாக உட்கார்ந்திருந்த கங்கம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்து வந்தாள். சால்வையை வாங்கிக்கொண்டாள். அதிகாரி, "ஏதாவது பேசுறீங்களாம்மா?" என்று கேட்டார்.

அவள் ஒலிபெருக்கியைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள். "ஊட்டுல சின்னிக்குத் தீனி வெக்கணும். நேரமாவுது" என்றாள். கூட்டம் சிரித்தது. கேலிச் சிரிப்பு இல்லை அது. அவளும் சிரித்துவிட்டு இறங்கிப் போனாள்.

ஆடி, ஆவணி முழுக்கச் சின்னி முற்றத்துக் கம்பிலேயே இருந்தது. புரட்டாசியில் கடைசி இறகும் முளைத்து முடிந்தபோது அது வேறு பறவையாகியிருந்தது. முதுகு சாம்பல், மார்பில் தீற்றல்கள் போய் மெல்லிய குறுக்கு வரிகள், கண் மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கு மாறிக்கொண்டிருந்தது. ஒரு இறகுகூடப் பழுதில்லை. ஐப்பசியின் முதல் மழை விட்ட காலையில் கங்கம்மா அதைத் தரிசுக்கு எடுத்துப்போனாள். மணவாளன் கூடவே போனார், காடையைக் கிளப்பிவிட.

அந்த வாரமே வீரராகவன் அவர்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். ஆள் அனுப்பவில்லை, அவரே வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"கங்கம்மா, இந்தத் தையிலே நானும் ஐயாரெட்டு நடறேன். பத்து ஏக்கரு. உன் டேகாவக் கொண்டாந்து காப்பாத்திக் குடுக்கணும்."

கங்கம்மா சின்னியின் காலில் வாரைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: "பத்து ஏக்கருக்கு ஒண்ணு போதாது. இன்னும் ரெண்டு புடிக்கணும். புடிச்சிப் பழக்கிடுவேன். ஆனா நிக்க ஆளு வேணும்."

"எத்தினி ஆளு வேணும்னாலும் அனுப்பறேன்."

"ஆம்பளைங்க வேணாம். ஒரே நாள்ல வேட்டை காட்டுன்னு நிப்பாங்க. பொறுமை இருக்காது. உங்க மருமவ செல்விய அனுப்புங்க. போன பங்குனியில தெனம் வரப்புல வந்து நின்னு பாத்துக்கினு இருந்தது அது ஒண்ணுதான்."

வீரராகவன் தயங்கினார். மணவாளன் அவர் உட்காரக் கயிற்றுக் கட்டிலை எடுத்துப் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, அனுப்பறேன்" என்றார் வீரராகவன்.

அறுபத்தொன்பதாம் வருஷம் பங்குனியில் அந்த ஊரில் முப்பது ஏக்கருக்கு மேல் ஐ.ஆர். எட்டு நின்றது. வீரராகவன் வயலின் ஒரு கோடியில் கங்கம்மா. மறுகோடியில் செல்வி, கையில் புதிதாகப் பிடித்த மஞ்சள் கண் வல்லூறு. மூங்கிலில் ஏற்றிவிட்டு அவள் தள்ளிப்போய்க் கூப்பிட்டபோது, அது பாதி வழியில் வரப்பில் இறங்கிவிட்டது. செல்வி பதறி அதை நோக்கி ஓடப்பார்த்தாள்.

"ஓடாதே! ஓடுனா அது உன்னப் பாத்து பயப்படும்" என்று கங்கம்மா அந்தக் கோடியிலிருந்தே குரல் கொடுத்தாள். "நில்லு. கையத் தூக்கு. இன்னும் மேல. ஆங், அப்படியே நில்லு."

செல்வி நின்றாள். வல்லூறு வரப்பிலிருந்து எழும்பிக் கதிருக்கு மேலே வந்துகொண்டிருந்தது.